அகரம் கற்பிப்போர்க்கும் பட்டக்கல்வி வேண்டும். அது தமிழிலேயே வேண்டும்!

பதினெட்டு அகவை இளைஞனுக்கு இயற்பியல் கற்பிப்பவர் பெரியவர். ஐந்து அகவைக் குழந்தைக்கு அகரம் கற்பிப்பவர் சிறியவர். இவ்வெண்ணம் தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றிவிட்டது. கல்லூரியிற் கற்பிக்க மேற்பட்டத்தோடு தகுதித்தேர்வுத் தேர்ச்சியோ முனைவர்ப் பட்டமோ வேண்டும் என்கின்றனர். மேனிலைப் பள்ளியிற் கற்பிக்க மேற்பட்டமும் கல்வியியற் பட்டமும் வேண்டும் என்கின்றனர். தொடக்கப்பள்ளி என்றவுடன் மட்டும், பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் இரண்டாண்டுப் பட்டயம் பெற்றிருந்தாற் போதும் என்று அமைந்துவிடுகின்றனர். "ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்க இவ்வளவு படிப்பு எதற்கு?" என்னும் ஏளனம் படித்தோர் வாயினின்றே வருகின்றது.

ஓர் இனத்தின் மொழி நலிவதற்கு வெளியிலிருந்து பகைவர் படையெடுத்து வரவேண்டியதில்லை. அவ்வினம் தன் முதல் வகுப்பைப் புறக்கணித்தாற் போதும். மற்றவை தாமே நடக்கும்.

முதல் வகுப்பே கடினமான வகுப்பு

எழுத்தறிவித்தல் எளிய வேலை என்போர், அதனைத் தாம் ஒருநாளும் செய்து பாராதவர். தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துகள் 247. இவற்றை 247 தனித்தனி உருவங்களாகக் குழந்தையின் தலையில் ஏற்றுவதா, அன்றி முப்பது ஒலிகளும் ஒருசில குறிகளும் கூடும் ஒழுங்காக அதன் அறிவிற்குக் காட்டுவதா? முன்னது சுமை; பின்னது கல்வி. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த ஆசிரியரிடம் பயிலும் குழந்தை சில திங்களில் தானே சொற்களைக் கூட்டிப் படிக்கும். அறியாதவரிடம் அகப்பட்ட குழந்தை மூன்றாம் வகுப்பிலும் எழுத்தெழுத்தாகத் தட்டித் தடுமாறும்.

ககரம் ஒன்றையே எடுத்துக்கொள்க. கல், பக்கம், தங்கம், அகம் என்னும் நான்கு சொற்களிலும் வரும் எழுத்து ஒன்றே, ஒலி ஒன்றன்று. முதலிலும் இரட்டித்தும் வன்மையாய் ஒலிக்கும் அது, மெல்லெழுத்தை அடுத்து ஒருவாறும், உயிர்களிடையே வேறொருவாறும் ஒலிக்கின்றது. தமிழ்க்குழந்தை இவ்வொலிகளைப் பேச்சில் முன்பே பிழையின்றி ஆள்கின்றது. எழுத்தில் எங்ஙனம் அமைகின்றன என்பதைத்தான் அதற்குக் காட்டவேண்டும். அதனைக் காட்டும் ஆசிரியர்க்கு ஒலியியல் தெரிந்திருக்க வேண்டாவா? ழகரத்தை ஒலிக்கமாட்டாத குழந்தையிடம் "சரியாகச் சொல்" என்று பத்து முறை அதட்டுபவர் ஆசிரியரல்லர். நாவின் நுனி எவ்வாறு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவவேண்டும் என்று தாமே செய்துகாட்டித் திருத்துபவரே ஆசிரியர். எழுத்துகளின் பிறப்பைத் தொல்காப்பியர் பிறப்பியலில் ஒன்றொன்றாக வகுத்துக் காட்டிய நாட்டில், எழுத்தறிவிப்போர்க்கு அவ்வறிவு முறையாகத் தரப்படாதது பேரிழிவன்றோ?

எண்ணறிவிற்கு வருவோம் எனின், அங்கும் இதுவே நிலை. பதினொன்று என்னுஞ் சொல்லிலேயே பத்தும் ஒன்றும் உள்ளன. இருபத்துமூன்று என்பதில் இரண்டு பத்தும் மூன்றும் உள்ளன. ஆங்கிலக் குழந்தை பதினொன்றிற்கும் பன்னிரண்டிற்கும் பொருள் விளங்காத இரு சொற்களை நெட்டுருச் செய்யவேண்டியிருக்க, தமிழ்க்குழந்தைக்கு அதன் மொழியே இடமதிப்பைக் கற்பித்துவிடுகின்றது. ஆனால் தொண்ணூற்றிற்கு வரும்போது குழந்தை திகைக்கும். எண்பதிற்குப் பின் ஒன்பது பத்துகள் வரவேண்டிய இடத்தில் நூறு என்னும் ஒலி ஏன் வந்தது? ஒன்பது நூறுகள் வரவேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் என ஆயிரம் ஏன் வந்தது? ஒன்பதிற்குத் தொண்டு என்னும் பழம்பெயர் இருந்தமையும், ஒன்பதன் அடுக்குகள் அடுத்த பேரெண்ணின் பெயரொடு வழங்குவதும் அறிந்த ஆசிரியர், அத்திகைப்பை ஒரு விளையாட்டாக்கி விளக்குவார். அறியாதவர், "அப்படித்தான், மனப்பாடஞ் செய்" என்பார். குழந்தையின் முதல் வினா அன்றே மடிகின்றது.

இவற்றிற்கு மேலும் ஒன்றுண்டு. "வந்துச்சு" என்று பேசும் குழந்தையின் கையில் "வந்தது" என்று எழுதிய நூலைத் தருகின்றோர், இரண்டிற்கும் இடையே பாலம் அமைக்கக் கற்றிருக்க வேண்டும். குழந்தையின் வீட்டுப் பேச்சைப் பழித்தால் அது வாய்மூடிவிடும். திருத்தாது விட்டால் எழுத்துமொழி அதற்கு என்றும் அயலாகவே நிற்கும். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டிலிருந்தும், நீலமலையில் தோடர், கோத்தர், இருளர் குடிகளிலிருந்தும் வரும் குழந்தைக்கு இப்பாலம் இன்னும் நீளமாக வேண்டும். தாய்மொழிவழிக் கல்வி தமிழர்க்கு உரிமையெனின், அச்சிறு குடிகளின் குழந்தைகட்கும் அவ்வுரிமை உண்டு. இத்தனையும் ஓர் அறிவுத்துறை. இரண்டாண்டிற்குள் ஐந்து வகுப்புகளின் எல்லாப் பாடங்களையும், உளவியலையும், கற்பிப்பு முறைகளையும், பள்ளிப் பயிற்சியையும் அடைத்துவிட்டு, இவ்வறிவுத்துறைக்கு இடமெங்கே என்று கேட்பின் விடையில்லை.

இருநூறாண்டுப் புறக்கணிப்பு

இவ்விழிநிலை இன்று நேற்று வந்ததன்று. சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமசு மன்றோ, 1826 மார்ச்சு 10ஆம் நாள் எழுதிய குறிப்பில், மாவட்டத் தண்டலர்கள் திரட்டித் தந்த கணக்கை வைத்து, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமையைப் பதிந்தார். தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள நிலப்பகுதிகள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அக்குறிப்பிலேயே மன்றோ இன்னொன்றையும் எழுதினார்: ஆசிரியர்க்குத் திங்களொன்றுக்கு ஆறேழு உருபாவிற்கு மேற் கிட்டுவதில்லை, அவ்வூதியத்திற்குத் தகுதியுடையோர் வாரார். ஆதலின் ஆசிரியர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றார். அயலான் கண்ணுக்கே நோய் தெரிந்தது. மருந்துதான் ஒழுங்காக வந்து சேரவில்லை.

அதற்கும் முன்னர், ஆண்டுரு பெல் என்னும் வெள்ளைச் சமயகுரு 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் மக்களின் கைவிடப்பட்டோர் இல்லத்தை நடத்தத் தொடங்கினார். இங்குள்ள சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். தேர்ந்த மாணாக்கனைக் கொண்டே மற்றவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட, அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. தமிழ்மண்ணின் மணல் எழுத்து கடல்கடந்தது பெருமையே. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. திண்ணைப் பள்ளியின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட குலத்தார்க்கும் பெண்மக்கட்கும் பெரும்பாலும் அது மூடியே கிடந்தது. ஆசிரியரைக் குறைத்துச் சட்டாம்பிள்ளையைக் கொண்டு செலவைச் சுருக்கும் வழியாகவே ஆங்கிலேயர் அம்முறையைப் பெரிதும் பயன்படுத்தினர். சிறாரின் கல்விக்குக் குறைந்த செலவே போதும் என்னும் எண்ணத்திற்கு அதுவும் துணையாயிற்று.

வெள்ளையர் போனபின்னும் அவ்வெண்ணம் போகவில்லை. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி குழு, ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழக வாழ்வினின்று துண்டுபட்டுத் தனித்துக் கிடப்பதை நீக்கவேண்டும் என்றது. தில்லிப் பல்கலைக்கழகம் 1994இல் தொடக்கக் கல்விக்கென்றே நான்காண்டு இளநிலைப் பட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 1981இலேயே தஞ்சையில் தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தையும், 2008இல் சென்னையில் ஆசிரியர் கல்விக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தையும் கண்ட தமிழ்நாட்டில், அரசுத் தொடக்கப்பள்ளிகட்கு ஆசிரியரைத் தரும் பொதுவழி மட்டும் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே பட்டயமாகவே நின்றது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பல்கலைக்கழகத்தில். தொடக்கப்பள்ளி ஆசிரியர் அதன் புறத்தில். வருணப் பாகுபாட்டின் நிழல் கல்வித்துறையிலும் விழுந்தது போலும்!

ஊதியத்திலும் இதே கதை தொடர்ந்தது. 2009 மே 31 வரை பணியில் அமர்ந்த இடைநிலை ஆசிரியர்க்கு அடிப்படை ஊதியம் 8,370 உருபா என்றும், அடுத்த நாள் சூன் 1 முதல் அமர்ந்தவர்க்கு 5,200 உருபா என்றும் வகுக்கப்பட்டது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே வேலை. ஒருநாள் இடைவெளியில் இரு ஊதியம். அவ்வாசிரியர்கள் ஆண்டுக்கணக்கிற் சென்னைத் தெருக்களில் அமர்ந்து போராட நேர்ந்தது. மன்றோ குறித்த நோய் 183 ஆண்டுகள் கழித்தும் தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

முறைமன்றமே உணர்ந்த உண்மை

தொடக்கக் கல்வி தனித்துறை என்பதைத் தமிழன்பர் சொன்னால் மிகையென்பார் உளர். உச்ச முறைமன்றமே சொல்லியிருக்கின்றது. 2018 சூன் 28ஆம் நாள் நடுவண் ஆசிரியர் கல்விக்குழு, உயர்வகுப்புகட்குக் கற்பிக்கப் பயின்ற கல்வியியற் பட்டம் உடையோரும் ஆறு திங்கள் இணைப்புப் பயிற்சி பெற்று ஒன்று முதல் ஐந்து வகுப்புகட்குக் கற்பிக்கலாம் என்று அறிவித்தது. இராசசுத்தானில் எழுந்த வழக்கில், 2023 ஆகத்து 11ஆம் நாள் உச்ச முறைமன்றம் அவ்வறிவிப்பு செல்லாதென்று தீர்ப்பளித்தது. சிறாருக்குக் கற்பிக்கும் தனித்திறனை அப்பட்டம் தருவதில்லை என்பதே தீர்ப்பின் உயிர்நிலை.

இதனின்று கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. ஏதோ ஒரு பட்டம் இருந்தாற் போதாது என்பது ஒன்று. தொடக்கப்பள்ளிக்கென்றே அமைந்த படிப்பு வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாண்டு வேதியியல் கற்று, ஓரிரண்டாண்டு கல்வியியல் கற்றவர், ஐந்து அகவைக் குழந்தையின் முன் நிற்கும்போது கையறுநிலையில்தான் நிற்பார். அவர் குற்றமன்று அது. அவருக்கு அது கற்பிக்கப்படவில்லை.

வடக்கிலிருந்து வரும் பட்டம்

இவ்வெற்றிடத்தைத் தில்லி கண்டுகொண்டது. 2020 சூலை 29ஆம் நாள் ஒப்பப்பட்ட கல்விக்கொள்கை, 2030க்குள் ஆசிரியப் பணிக்குரிய குறைந்த அளவுத் தகுதி நான்காண்டு ஒருங்கிணைந்த கல்வியியற் பட்டமே என்று வரையறுத்தது. 2023-24ஆம் கல்வியாண்டில் அப்படிப்பு நாட்டின் சில கல்வி நிறுவனங்களில் தொடங்கப்பெற்றது. சேர்க்கைக்கு அனைத்திந்தியப் பொதுத்தேர்வு. நடத்துவது நடுவண் அரசின் தேர்வு முகமை.

பட்டம் வேண்டும் என்பது சரி. ஆனால் யார் தரும் பட்டம்? யார் வகுக்கும் பாடம்? யார் வைக்கும் தேர்வு? 1976இல் அரசியற்சட்டத்தின் 42ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்கு இழுக்கப்பட்டது. அன்று போன உரிமையின் விலையை மருத்துவக் கல்வியிற் பொதுத்தேர்வு வந்த 2017க்குப் பின் தமிழ்மக்கள் நன்கறிவர். அதே தூண்டில் இப்போது தொடக்கப்பள்ளி ஆசிரியரை நோக்கி வீசப்படுகின்றது. வினாத்தாள் தமிழிலும் தரப்படுகின்றதே என்பர். பெயர்க்கப்பட்ட வினா தமிழாகிவிடுமா? பயிற்சி நிலையங்கட்குப் பணங்கட்ட இயன்ற நகர்ப்புறத்தார் முந்துவர். சிற்றூரின் குழந்தைப் பேச்சையும் வாழ்க்கையையும் அறிந்த சிற்றூர்ப் பெண் பின்தங்குவாள். குழந்தைக்கு வேண்டியவர் அப்பெண். தேர்வு தெரிந்தெடுப்பவர் வேறொருவர்.

அக்கொள்கையை மறுப்பது தமிழரின் கடமை. ஆனால் மறுப்பு மட்டும் மாற்றாகாது. தமிழ்நாடு தனக்கென ஒரு பட்டத்தை வகுக்காமல் வெறும் மறுப்போடு நின்றால், நாளை பட்டயம் தகுதியற்றதென்று ஒரே ஓர் அறிவிப்பால் நம் ஆசிரியர் அனைவரும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவர். அன்று தில்லியின் பட்டமே ஒரே வழியாகும். வெற்றிடம் விடுபவன், பிறன் குடியேறுவதைத் தடுக்க முடியாது.

உள்ளிருந்தே அறுக்கும் வாள்

தில்லியை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது. தமிழ்நாட்டு ஆட்சியாளர் செய்த கேடு சிறிதன்று. பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடமாதற்கு 2006இல் சட்டஞ் செய்த இம்மாநிலமே, 2013-14ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் முதல் வகுப்பிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருமளவில் திறந்தது. தமிழ்வழியிற் பயின்று தமிழ்வழியிற் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரை நிறுத்தி, நாளை முதல் ஆங்கிலத்திற் கற்பி என்றனர். அவர்க்கு ஆங்கிலம் வரவில்லை, குழந்தைக்கும் வரவில்லை. தமிழிற் கற்பிக்கும் திறன் இருந்தும் அது வீணாயிற்று. 2019இல் 2,381 குழந்தைகள் நடுவங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியபோது, அவற்றிற்கும் தொடக்கப்பள்ளிகளின் இடைநிலை ஆசிரியரையே பெயர்த்தனுப்பினர். மூன்று அகவைக்கும் பத்து அகவைக்கும் ஒரே பயிற்சி போதுமென்று கருதிய ஆட்சி, தொடக்கக் கல்வியை எவ்வளவு மலிவாக எண்ணிற்று என்பதற்கு இதுவே அளவுகோல்.

பட்டயத்தை ஒரு கடைச்சரக்காக்கிய தனியார் வாணிகமும் இதிற் பங்குடையது. கட்டடமும் கரும்பலகையும் இருந்தாற் போதும், பயிற்சி நிறுவனம் என்று பலகை மாட்டிப் பணம் ஈட்டினர். படித்து வந்தோர் வேலையின்றி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். ஆசிரியத் தொழிலின் மதிப்பு தெருவில் விழுந்தது.

பின்லாந்து காட்டும் வழி

தாய்மொழி மீட்சிக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியரே அடித்தளம் என்பதற்குப் பின்லாந்து சான்று. உருசியப் பேரரசின் கீழிருந்த அந்நாட்டில், கற்றோர் மொழியாகவும் அலுவல் மொழியாகவும் சுவீடிய மொழியே கோலோச்சிற்று. பின்னிய மொழி உழவர் பேச்சென்று ஒதுக்கப்பட்டது. 1863இல் ஊனோ சிக்னேயுசு என்பார் யுவாசுக்குலா நகரில் பின்னிய மொழிவழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அது 1934இல் கல்வியியற் கல்லூரியாகி, 1966இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1970களில் அந்நாட்டின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கல்வி முழுவதும் பல்கலைக்கழகங்கட்கு மாற்றப்பட்டது. 1979 முதல், முதல் வகுப்பிற் கற்பிப்பவர்க்கும் மேற்பட்டம் கட்டாயமாயிற்று.

கருத வேண்டியது இது: அங்கே பட்டம் உயர உயர மொழி தாழவில்லை. தாய்மொழியிலேயே பட்டம் உயர்ந்தது. கணினிக்கும் தொலைபேசிக்கும் மின்னாற்றலுக்கும் அவர்கள் தம் மொழி வேரிலிருந்தே சொற்களைப் படைத்துக்கொண்டனர். அவற்றை முதல் வகுப்பிலிருந்தே வழங்குகின்றனர். அந்நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரேயான சுவீடிய மொழியினர்க்கும் அவர்தம் மொழியிலேயே ஆசிரியரைப் பயிற்றும் பல்கலைக்கழகப் படிப்பு உண்டு. ஐம்பத்தைந்து இலக்கம் அளவினரான மக்கள் செய்ததை ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள்வாழ் தமிழ்நாடு செய்ய இயலாதென்றால், இயலாமை எண்ணிக்கையில் இல்லை; உள்ளத்தில் உள்ளது.

தடைகளும் விடைகளும்

பட்டம் கட்டாயமானால் ஏழைக் குடும்பத்துப் பெண்கள் இப்பணிக்கு வர இயலாதே என்று கேட்போர் உளர். இது வெற்றுத் தடையன்று. மதித்து விடையிறுக்க வேண்டியது. இரண்டாண்டில் முடிந்த படிப்பு நான்காண்டு நீளுமானால், இன்னும் இரண்டாண்டு ஊதியமின்றிக் கழிக்க உழைப்பாளர் வீட்டால் இயலாது. ஆகவே அப்பட்டம் முற்றுங் கட்டணமின்றி அமையவேண்டும். பயில்வோர்க்குத் திங்கள்தோறும் உதவித்தொகை வேண்டும். மாவட்டங்களில் இருக்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களையே பட்டக் கல்லூரிகளாக உயர்த்த வேண்டும். முன்பே பணியிலுள்ள பட்டய ஆசிரியரை இழிவுபடுத்தாது, அவர்தம் பட்டறிவை மதித்து, ஊதியத்துடன் விடுப்பளித்துப் பட்டம் பெறச் செய்யவேண்டும்.

தமிழ்ப்பற்று இருந்தாற் போதும், பட்டம் எதற்கு என்பார் தமிழன்பருள்ளும் உளர். பற்று வேண்டும், பற்று மட்டும் போதாது. தாய்ப்பாசம் மிகுந்தவள் என்பதற்காக நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பை எவரும் அவளிடமே விட்டுவிடுவதில்லை. தமிழ்மீது அன்புடையவர், தமிழைக் கற்பிக்கும் அறிவியலையும் கற்றவராதல் வேண்டும். அறிவோடு சேராத பற்று மேடையில் முழங்கும். வகுப்பறையில் வாயடைத்து நிற்கும்.

தமிழிற் பாடநூல்கள் இல்லையே என்பது மூன்றாவது தடை. இல்லையெனின் எழுதுக! படிப்பைத் தொடங்கிய பின்னரே நூல் பிறக்கும். நூல் பிறந்தபின் படிப்பைத் தொடங்குவோம் என்பார் என்றும் தொடங்கார்.

வேண்டுவன

தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கென்றே நான்காண்டுத் தமிழ்வழிப் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வகுக்க வேண்டும். அதில் தமிழ் ஒலியியல், எழுத்தியல், குழந்தை மொழி வளர்ச்சி, தமிழ்வழிக் கணக்கு, குழந்தை இலக்கியம், வட்டார வழக்குகள், பிறமொழி வீட்டுக் குழந்தைகட்குக் கற்பிக்கும் முறை ஆகியன தலைமைப் பாடங்களாக நிற்கவேண்டும். ஆங்கிலம் ஒரு மொழியாக நன்கு கற்பிக்கப்படுக. பயிற்றுமொழியாக அரியணையேற வேண்டா. நான்காண்டில் ஓராண்டேனும் சிற்றூர்ப் பள்ளியிலேயே பயிற்சியாதல் வேண்டும். சேர்க்கை தமிழ்நாட்டின் பள்ளித்தேர்வு அடிப்படையிலேயே நடக்கவேண்டும். தமிழ்வழியிற் பயின்றோர்க்கு முதலுரிமை வேண்டும். அப்பட்டம் பெற்றோர்க்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கு ஒப்பான ஊதியமும் மதிப்பும் வேண்டும். கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வரவேண்டும். அஃதின்றி மேற்கூறிய யாவும் தில்லியின் ஒரே ஓர் அறிவிப்பாற் கலைந்துபோகும்.

இவற்றை எந்த அரசும் தானே தாராது. தமிழ்க் கழகங்களும், ஆசிரியர் அமைப்புகளும், பெற்றோரும் ஒருமித்துக் கேட்டாலன்றி இது நிகழாது. தமிழ்ப் பெயர்ப் பலகைக்காகவும், தமிழ் வழிபாட்டுக்காகவும் தெருவில் நின்ற தமிழர், தம் ஊர்த் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பில் யார் கற்பிக்கின்றார், எம்மொழியிற் கற்பிக்கின்றார், அவர்க்குக் கற்பித்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்கத் தொடங்கட்டும். பல்கலைக்கழகத்தின் உச்சியில் தமிழை ஏற்றப் போராடுவோர், அதன் முதற்படி முதல் வகுப்பின் கரும்பலகை என்பதை மறவாதிருக்கட்டும். அக்கரும்பலகையின் முன் நிற்பவர் கற்றவராகவும், தமிழிற் கற்றவராகவும், தலைநிமிர்ந்தவராகவும் நிற்கும் நாளில்தான் தமிழ் தன் நாட்டில் அச்சமின்றி வாழும்.